எல்லைக்கோடும் ஏழையின் முத்திரையும்

கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் மாலை வேளைகளில் அமர்ந்திருப்போர் காதில் அடிக்கடி விழும் பேச்சு ஒன்றுண்டு. “தவணை முடிகிறதா? கவலை வேண்டாம். இரவு பஸ்ஸில் ஏறி எல்லைக்குப் போ. அந்தப் பக்கம் ஒரு சாப்பு, இந்தப் பக்கம் ஒரு சாப்பு. மறுநாள் திரும்பிவிடலாம்.” கைப்பணம் குறைந்தவர்க்கு விமானச் சீட்டைவிட இது மலிவாகப் படுகிறது. வடக்கே புக்கிட் காயு ஹீத்தாம் அல்லது பாடாங் பெசார் வழியாக ஹாட்யாய். தெற்கே ஜொகூர்க் கடற்பாலம் வழியாகச் சிங்கப்பூர். இதைச் சொல்பவரும் கேட்பவரும் இஃது இக்காலத்துச் சாமர்த்தியம் என்றே கருதுகின்றனர். ஆனால் தமிழன் இந்நாட்டில் காகிதத்தோடு பட்ட பாடு நூறாண்டுக்கு மேற்பட்டது. அப்பாட்டின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நமக்கு நலம் பயக்கும்.

இன்று நாம் அஞ்சி நிற்கும் எல்லைக்கோடுகள் மிகப் பழமையானவை அல்ல. 1909-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரிட்டிஷ் சர்க்காரும் சயாமும் பாங்காக்கில் செய்துகொண்ட உடன்படிக்கையால் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கும் பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழ் வந்தன. பட்டாணி சயாமின் பக்கம் நின்றது. 1918-இல் இருபுறத்து ரயில் பாதைகளும் பாடாங் பெசாரில் இணைந்தன. தெற்கே ஜொகூர் நீரிணையின் குறுக்கே கட்டப்பட்ட கடற்பாலம் 1924-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முறைப்படி திறக்கப்பட்டது. அப்போது அதன் இரு கரைகளும் ஒரே ஆதிக்கத்தின் நிழலில் இருந்தன. கடப்பிதழ் எனும் சிறு புத்தகமும் அப்படிப் பழையதன்று. முதல் உலகப் போருக்குப் பின்னர், 1920-இல் சர்வதேச சங்கத்தின் சார்பில் பாரிஸ் நகரில் கூடிய மாநாடே அதற்கு இன்றைய வடிவம் ஏற்பட வழிகோலியது.

அக்காலத்தில் நம் முன்னோர் எல்லையை எங்ஙனம் கடந்தனர்? அவர்கள் கடந்தது கடல். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டினர். அந்நிதியிலிருந்து கூலியாட்களின் கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. ஊருக்குச் சென்று ஆள் திரட்டும் வேலையைக் கங்காணி செய்தார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த டிப்போக்களில் ஆட்களைச் சோதித்து, அம்மை குத்தி, கப்பலேற்றினர். பினாங்கிலும், 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் இறங்கி, தொற்றுநோய்க் காப்பு முகாமில் சில நாட்கள் இருந்து, பின்னர் தோட்டம் சேர்ந்தனர். அத்துறைமுகந்தான் 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அக்காலத்திலும் காகிதம் இல்லாமற் போகவில்லை. பெயர்ப் பட்டியல் இருந்தது, அதில் பெருவிரல் ரேகை இருந்தது, செக்ரோல் இருந்தது. ஆனால் அக்காகிதங்கள் யாவும் முதலாளியின் அலமாரியிலும் சர்க்காரின் அலமாரியிலும் கிடந்தன. அவை ஆளைக் கணக்கிட எழுதப்பட்டவை. ஆளுக்கு உரிமை தர எழுதப்பட்டவை அல்ல. தன் பெயரைத் தானே படிக்க இயலாதவன், தன் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கவும் அறியாதிருந்தான்.

அதன் விளைவு 1930-ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதார மந்தத்தில் வெளிப்பட்டது. ரப்பர் விலை வீழ்ந்தது. 1930 முதல் 1932 வரையுள்ள மூன்றாண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1933-இல் வந்த அந்நியர் சட்டம் சீனரின் வருகைக்கு எண்ணிக்கை வரம்பு கட்டிற்று. இந்தியர் பிரிட்டிஷ் பிரஜைகள் ஆதலால் அவ்வரம்புக்கு உட்படவில்லை. இதைக் கண்டு நம்மவரிற் சிலர், ‘நமக்குக் கதவு திறந்தே இருக்கிறது’ என்று மகிழ்ந்தனர். வேண்டும்போது வரவழைக்கவும் வேண்டாதபோது வெளியனுப்பவும் எளிதாயிருந்த கதவு அது! 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்திய சர்க்கார் உதவி பெற்றுச் செல்லும் கூலிக் குடியேற்றத்தைத் தடுத்து நிறுத்திற்று. அன்று இங்கிருந்தவர் இங்கும், அங்கிருந்தவர் அங்குமாகக் குடும்பங்கள் நின்றன.

திறந்த கதவு எத்தன்மையது என்பதைக் கிள்ளான் வட்டாரம் 1941-இல் கண்டது. சீனத் தொழிலாளருக்கு ஒத்த கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவை நீக்குதல் முதலான கோரிக்கைகளை எழுப்பித் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிராணி வேலை பார்க்கும் எனக்கு அக்கோரிக்கைகளுள் மூன்றாவதைப் படிக்கும்போதெல்லாம் தலை குனிகிறது. கிள்ளான் ஜில்லா இந்தியர் சங்கத்தைச் சேர்ந்தவரும் பத்திரிகையாளருமான ஆர். எச். நாதன் அப்போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார். 1941 மே மாதம் அவர் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பிரிட்டிஷ் பிரஜை எனும் பெயர் அவரை இங்கே இருத்தி வைக்க உதவவில்லை. இருக்க விடுவது சலுகையாயின், பேசியவுடன் அச்சலுகை போய்விடும் என்பதே அந்நிகழ்ச்சி கற்பித்த பாடம்.

அடுத்த ஆண்டே வேறொரு பாடம் வந்தது. ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை அமைக்கத் தொடங்கிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சாமான் வண்டிகளில் அடைக்கப்பட்டு, பாடாங் பெசாரைக் கடந்து, பான் போங் வரை கொண்டுசெல்லப்பட்டனர். யாரும் அவர்களிடம் கடப்பிதழ் கேட்கவில்லை. தவணை எவ்வளவு என்றும் கேட்கவில்லை. பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவும் மலேரியாவும் பட்டினியும் கொண்டவர் போக, மீண்டவர் சிலரே. இன்று ‘எல்லைக்குப் போய்ச் சாப்பு அடிப்போம்’ என்று விளையாட்டாகச் சொல்லும் அதே ரயில் நிலையத்தின் வழியாகத்தான் நம் பாட்டன்மார் எவ்விதச் சாப்புமின்றிச் சென்றனர். கேள்வியில்லாமல் கடக்கவிடும் எல்லை எப்போதும் நன்மைக்குரியதன்று.

போருக்குப் பின்னர் நாடு புதிய அரசியல் காணத் தொடங்கிற்று. 1948 பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு தோன்றியது. அதன் உடன்படிக்கைப்படி, நாட்டில் பிறவாதவர் விண்ணப்பித்துப் பிரஜையாவதற்கு 15 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்கவேண்டும். அவ்வாண்டு ஜூன் மாதம் அவசரகாலம் பிறந்தது. 12 வயதுக்கு மேற்பட்ட யாவர்க்கும் அடையாள அட்டை கட்டாயமாயிற்று. அன்றுமுதல் மனிதனுக்கு நிழல்போல அட்டையும் உடன்வரலாயிற்று.

1957 ஆகஸ்டு 31-இல் மெர்டேக்கா வந்தது. சுதந்திர நாட்டின் அரசமைப்பு முன்னையினும் தாராளமாகக் கதவைத் திறந்தது. அன்றுமுதல் இங்குப் பிறக்கும் குழந்தை பிரஜை ஆயிற்று. இவ்விதி 1962-இல் இறுக்கப்பட்டது. வெளியே பிறந்து இங்குக் குடியிருந்தவர், முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் வாழ்ந்திருந்து, எளிய மலாய் அறிவும் நன்னடத்தையும் உடையவராயின் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 1950-களில் ‘பிரஜையாகுங்கள்’ என்று தமிழரிடையே ஓயாது பிரசாரம் செய்தார். எனினும் தோட்டப்புறத்தில் எத்தனை பேர் செவிமடுத்தனர்? ‘அடுத்த ஆண்டு ஊருக்குப் போய்விடுவோம்’ என்று கூறியே முப்பது ஆண்டுகள் கழித்தவர் ஒருபுறம். ஒருநாட் கூலியை இழந்து டவுனுக்குப் போக இயலாதவர் மறுபுறம். பாரத்தில் என்ன எழுதுவது என்றறியாதவர் இன்னொருபுறம். இவர்கள் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. அதுவே போதும் என்று நம்பினர்.

போதவில்லை என்பது விரைவில் தெரிந்தது. 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1967-இல் கடற்பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை தொடங்கிற்று. அண்ணன் வீட்டுக்குப் போவதுபோல் பாலத்தைக் கடந்துவந்த மக்கள் வரிசையில் நிற்கலாயினர். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரஜையல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. 1969-லும் அதையடுத்தும் சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர் நாட்டைவிட்டுப் போயினர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பால்மரக் காட்டை நட்டவனும் அதன் நிழலில் பிறந்த அவன் பிள்ளையும் ஒரு சீட்டு இல்லாமையால் கப்பலேறினர். இலங்கை மலையகத்திலும் இதே கொடுமைதான். 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. எந்தத் தொழிலாளியையும் கேட்டு அக்கணக்குப் போடப்படவில்லை.

இவ்வளவையும் கூறியது பழங்கதை பேசுவதற்கன்று. பிரிக்பீல்ட்ஸில் இரவு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அந்தச் சகோதரருக்கும் இவ்வரலாற்றுக்கும் நேரடித் தொடர்புண்டு. எல்லையில் விழும் முத்திரை உரிமையன்று. வாயிலில் இருக்கும் அதிகாரி அந்நாளில் அளிக்கும் அனுமதி. ஒருமுறை கிடைத்தது மறுமுறையும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. மீண்டும் மீண்டும் வந்துபோகும் முத்திரைகளைக் கண்டு, ‘நீர் இங்குச் சுற்றிப் பார்க்க வருகிறீரா, குடியிருக்க வருகிறீரா?’ என்று கேட்க அவருக்கு அதிகாரமுண்டு. வருகை அனுமதியில் வேலை செய்வது குற்றம். தவணை கடந்து தங்குவதற்கு 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் அபராதமும் சிறையும் உண்டு. பிரஜையை மணந்த அந்நிய நாட்டவர்க்கு நீண்டகாலச் சமூக வருகை அனுமதி என்று தனியே ஒன்றுண்டு. அதை நாட்டிற்குள்ளேயே, குடிநுழைவு அலுவலகத்தில் புதுப்பிக்கலாம். இதை அறியாமல் எல்லைக்கு ஓடுபவரும் உண்டு. இதை அறிந்தும் மறைத்து, ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பணம் பறிக்கும் தரகரும் உண்டு. பஸ் கட்டணம், இரவுத் தங்கல், இழந்த கூலி, தரகர் பங்கு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், மலிவான வழி எவ்வளவு விலையுள்ளது என்பது விளங்கும்.

இதனினும் பெரிய இழப்பு பிள்ளைகளின் தலையில் விழுகிறது. 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச்சு முதல் அமலுக்கு வந்தது. அதுமுதல் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவு செய்யவேண்டும். பதிவில்லாத மணத்தில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை தகப்பன் வழியில் செல்லாது, தாய் வழியிலேயே பார்க்கப்படும். தகப்பன் பிரஜை, தாய் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள், கல்யாணம் ஊரறிய நடந்தது, பதிவு மட்டும் இல்லை. இந்நிலையில் பிள்ளை எந்த நாட்டுக்கு உரியது? ஐயர் மந்திரம் ஓதினார், மேளம் கொட்டிற்று, ஐந்நூறு பேர் உண்டனர் என்று கூறினால் பதிவு இலாகா ஏற்குமா? மேளத்துக்குச் செலவிட்ட பணத்தில் சிறு பகுதியும் ஒரு காலைப் பொழுதும் இருந்தால் அப்பிள்ளைக்கு ஒரு நாடு கிடைத்திருக்கும். பத்திரமற்ற இந்தியரைப் பதிவு செய்ய 2011-இல் சர்க்காரே தனி இயக்கம் நடத்தவேண்டி வந்தது என்றால் இக்குறையின் ஆழம் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னுமொன்று. நான் கணக்கெழுதும் தோட்டத்தில் இன்று செம்பனைக் குலை வெட்டுவோர் பெரும்பாலும் வங்காள தேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியருமே. சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயரை எழுதும்போதெல்லாம், நூறாண்டுக்கு முன் என்னைப்போன்ற ஒரு கிராணி என் கொள்ளுப்பாட்டனார் பெயரை இதே கவனத்தோடோ கவனமின்மையோடோ எழுதியிருப்பான் என்று தோன்றுகிறது. அவர்கள் கடப்பிதழை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி வைப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், நமக்குச் செய்யப்பட்டதை நாம் பிறர்க்குச் செய்யலாகாது.

ஆகவே தோழர்களே, ஜாதகக் கட்டைப் பெட்டியில் பூட்டி வைத்து, பிறப்புப் பத்திரத்தைக் கூரை இடுக்கில் செருகி வைக்கும் வழக்கத்தை ஒழிப்போம். குழந்தை பிறந்தால் பெயர் வைக்கும் நாளுக்கு முன்னே பதிவு அலுவலகத்துக்குச் செல்வோம். மணமக்களை மணவறைக்கு முன்னே பதிவு மேசைக்கு அழைத்துச் செல்வோம். பாரம் எழுதத் தெரிந்த ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலையைத் தெரியாத நான்கு பேருக்குக் கொடுப்போம். கிராணிமாராகிய நாங்கள் அதை முதலிற் செய்யக் கடமைப்பட்டவர்கள். எல்லைக்கு ஓடி முத்திரை தேடும் சகோதரனிடம், ‘உன் காகிதத்தைக் காட்டு, சேர்ந்து படிப்போம்’ என்று ஒருவன் சொன்னால், அவன் அந்த இரவு பஸ்ஸில் ஏறவேண்டிய அவசியமே இல்லாமற் போகலாம்.