‘கார்ல்’ என்னும் பெயரின் சமூக வரலாறு

மக்கட்பெயர்களை வெறும் அடையாளக் குறிகளாகக் கொள்வதே வழக்கு. ஆயின் ஒரு பெயரை யார், எக்காலத்தில், எவரைப் பின்பற்றிச் சூட்டினர் என வினவுவோமாயின், அதுவும் சமுதாய வரலாற்றுச் சான்றாவதைக் காணலாம். ‘கார்ல்’ என்னும் ஜேர்மானியப் பெயரை இந்நோக்கிலேயே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

இப்பெயர் ஒரு பொதுச்சொல்லினடியாகப் பிறந்தது என்பது மொழியியலார் பலரது முடிபு. அச்சொல் சாதாரண ஆண்மகனை, குறிப்பாக அடிமையுமல்லாத பிரபுவுமல்லாத சுதந்திரக் குடியானவனைக் குறித்தது. பழைய நோர்ஸ் மொழிப் பாடலான ‘ரிக்ஸ்தூலா’, அடிமைகளின் மூதாதையைத் ‘திரால்’ என்றும், உழவரின் மூதாதையைக் ‘கார்ல்’ என்றும், பிரபுக்களின் மூதாதையை ‘யார்ல்’ என்றும் பெயரிட்டு, வர்க்கப் பிரிவினையைப் பிறப்பின் நியதியாகக் காட்டுகின்றது. இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் சட்டங்களில் இதன் இனச்சொல்லான ‘சேர்ல்’ அத்தகைய குடியானவனையே சுட்டியது. வெசெக்ஸ் அரசில் அவனது உயிருக்கு ஈடாக விதிக்கப்பட்ட பணம் 200 ஷில்லிங். பிரபுவின் உயிருக்கோ 1200 ஷில்லிங்.

எட்டாம் நூற்றாண்டில் இப்பெயர் அதிகாரத்தின் பெயராயிற்று. பிராங்கிய நாட்டில் ஆட்சிப்பொறுப்பைக் கைக்கொண்டிருந்த சார்ள்ஸ் மார்ட்டெல் 741இல் இறந்தான். அவன் மகன் பெப்பின் 751இல் அரசனானான். பேரன் சார்ளமேன் 800இல் ரோமாபுரியிலே பேரரசனாக முடிசூடினான். அவனது ஆதிக்கத்தை எதிர்கொண்ட அயல் மக்களிடையே அவன் பெயரே ‘அரசன்’ என்னும் பொதுச்சொல்லாயிற்று. ருஷ்ய மொழியின் ‘கரோல்’, செக் மொழியின் ‘க்ரால்’, ஹங்கேரிய மொழியின் ‘கிராய்’ ஆகியன இவ்வாறு தோன்றியனவே. இலத்தீனில் ‘கரோலுஸ்’ என வழங்கிய இப்பெயர், பிரெஞ்சில் ‘ஷார்ல்’ எனவும், போர்த்துக்கேயத்தில் ‘கார்லோஸ்’ எனவும், ஆங்கிலத்தில் ‘சார்ள்ஸ்’ எனவும் நிலைபெற்றது.

பெயர் அரியணை ஏறியபோது அச்சொல்லுக்குரிய வர்க்கம் வேறு கதியடைந்தது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின், குடியானவருட் பெரும்பாலோர் பிரபுவின் நிலத்தோடு பிணிக்கப்பட்டனர். ‘சேர்ல்’ என்பதும் காலப்போக்கில் பண்பற்ற முரடனைக் குறிக்கலாயிற்று. மொழியியலார் இதனை ‘இழிபொருட்பேறு’ என்பர். நாம் திரைப்படங்களிற் காணும் ‘வில்லன்’ என்ற சொல்லும் முதலிற் பண்ணை உழவனையே குறித்தது. உழைப்பவனின் பெயர் வசைச்சொல்லாவது தற்செயலன்று. நிலவுடைமையாளரின் நோக்கே அங்கு சொற்பொருளாகியது.

குடும்பப்பெயர் வரலாறும் கருதத்தக்கது. சுவீடனிலே ‘கார்ல்சொன்’ என்பது தொடக்கத்திற் கார்லின் மகன் என்றே பொருள்பட்டது. தலைமுறைதோறும் தந்தை பெயருக்கேற்ப அது மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழக்கு தளர்ந்து, தந்தைவழிப் பெயர்கள் நிலையான குடும்பப்பெயர்களாகத் தொடங்கின. 1901ஆம் ஆண்டுச் சட்டம் இம்மாற்றத்தை உறுதிப்படுத்தியது. இன்று அந்நாட்டிற் பெருவழக்கான குடும்பப்பெயர்களுள் அதுவும் ஒன்று.

அரசரும் உழவரும் ஒரே பெயரைத் தாங்கியமையால் அவர்தம் வரலாறு ஒன்றாகிவிடாது. பெயரின் உயர்ச்சியை, அதனை முதலிற் கொண்டிருந்த மக்களின் உயர்ச்சியாகக் கொள்வது ஆய்வுப் பிழையாகும்.