கஜானா குமாஸ்தா கண்ட புது விண்மீன்

வானசாஸ்திரம் என்றவுடன் பெரும் பட்டம் பெற்ற பண்டிதர்களும் மலையுச்சியிலுள்ள ஆராய்ச்சிக் கூடங்களுமே நம் நினைவுக்கு வருதல் இயல்பு. பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, இரவெல்லாம் வானத்தைக் கணக்கெடுத்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகின்றேன். குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் எனக்கு அவர்பால் தனிப் பற்று உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

ராதாகோவிந்த சந்திரர் 1878ஆம் ஆண்டில், வங்காளத்தின் ஜெஸ்ஸூர் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். பள்ளிப் பாடநூலில் பேரண்டத்தின் பெருமை கூறும் கட்டுரையொன்றைப் படித்தது முதல் அவர் மனம் வானத்திலேயே நின்றுவிட்டது. விளைவு என்ன? என்ட்ரன்ஸ் பரீட்சையில் மும்முறை தவறினார். பின்னர் ஜெஸ்ஸூர் கஜானாவில், வந்து சேரும் நாணயங்களில் நல்லது எது, செல்லாதது எது என்று சோதிக்கும் சிறு வேலை கிட்டியது. மெட்ரிகுலேஷன் தேறிய என்னைப் போன்றோர் படிப்பில் அவரினும் ஒரு படி மேல் என்று பெருமை பேசிக்கொள்ளலாம், அவ்வளவே!

அவ்வூர் வக்கீல் காளிநாத் முகர்ஜியின் துணையால் விண்மீன்களை இனங்காணக் கற்றார். 1910ஆம் ஆண்டில் ஹாலியின் வால்நட்சத்திரம் தோன்றியபோது சிறு பைனாகுலர் ஒன்றே அவர் கருவி. அதனைக் கொண்டே நாள்தோறும் அதன் போக்கைக் குறித்து வந்தார். அது தந்த ஆவலால், 1912இல் இங்கிலாந்திலிருந்து மூன்றங்குலத் தொலைநோக்கியொன்றைத் தம் பணத்தில் தருவித்தார்.

1918ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கருட மண்டலத்தில், முன்னர் இல்லாத ஓர் ஒளிப்புள்ளி அவர் கண்ணிற் பட்டது. ஓரிரு நாட்களில் அது வானத்தின் முதன்மையான விண்மீன்களுக்கு நிகராகச் சுடர்ந்தது. 1604இல் கெப்ளர் ஆராய்ந்த மீனுக்குப் பின் அத்துணை ஒளியுடன் புது விண்மீன் எதுவும் தோன்றியதில்லை. பல நாடுகளிலும் பலர் அந்நாட்களில் தாமே அதனைக் கண்டனர்; ஆதலின் கண்ட பெருமை ஒருவருக்கே உரியதன்று. எனினும், பழைய மீன்கள் அனைத்தையும் முகம் முகமாக அறிந்தவனுக்கன்றோ ‘இது நேற்று இல்லையே’ என்று தோன்றும்!

புது விண்மீன் என்பது பெயரளவில்தான். சூரியனைப் போன்ற விண்மீன் எரிந்து ஒடுங்கியபின் எஞ்சும் வெண்குள்ள மீன், தன் துணை மீனிலிருந்து ஹைட்ரஜனைச் சிறிது சிறிதாக இழுத்துச் சேர்க்கின்றது. சேர்ந்தது அளவு கடந்தவுடன் மேற்பரப்பில் அணுப்பிணைவு மூண்டு வெடிக்கின்றது. மங்கிக் கிடந்தது திடீரெனப் பல்லாயிரம் மடங்கு ஒளி பெறுவதற்கு இதுவே காரணம்.

இக்கண்டுபிடிப்பு ஹார்வர்ட் வானாராய்ச்சி நிலையத்தாருக்கு எட்டியது. அதன் பயனாக, 1911இல் தோன்றிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்தில் அவர் இடம் பெற்றார். ஒளி கூடியும் குறைந்தும் வரும் மீன்களை, ஒளி அளவு தெரிந்த அண்டை மீன்களோடு ஒப்பிட்டு, நேரத்துடன் பதிவு செய்தலே அச்சங்கத்தாரின் பணி. தினசரிக் கணக்கை விடாது எழுதும் பழக்கமுள்ளவனுக்கு ஏற்ற வேலை! நாணயம் சோதித்த கண்ணும் இதற்கு உதவியிருக்கும் என்பது என் கருத்து. 1919 முதல் 1954 வரை அவர் செய்த பதிவுகள் 37,000க்கு மேற்பட்டவை. அவர் திறமையைக் கண்ட அச்சங்கத்தார் 1926இல் ஆறங்குலத் தொலைநோக்கியொன்றைக் கடல் கடந்து இரவலாக அனுப்பினர். 1928இல் பிரெஞ்சு அரசும் அவருக்கு விருதளித்தது.

1947இல் நாடு பிரிந்தது. ஜெஸ்ஸூர் பாகிஸ்தானின் பகுதியாயிற்று. சந்திரர் பிறந்த மண்ணை விட்டுக் கல்கத்தாவை அடுத்த பாராசாத்தில் குடியேறினார். பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் நாம் விடுமுறைக்கு ஊர் போய் வரலாம். அவருக்கோ இடையில் அயல்நாட்டு எல்லை. அங்கும் அவர் வானத்தைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. 1975இல் காலமானார்.

இரவலாக வந்த அந்த ஆறங்குலத் தொலைநோக்கி, அவர் முதுமையெய்தியபின் வானியலறிஞர் வைணு பாப்புவிடம் நைனிதாலில் ஒப்படைக்கப்பெற்றது. பின்னர் அவர் வழியாகவே நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தை வந்தடைந்தது.