தபாற் குறியீட்டெண்ணும் கோவாவின் எல்லைகளும்

1972 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் நாள் இந்தியாவில் ஆறிலக்கத் தபாற் குறியீட்டெண் முறை நடைமுறைக்கு வந்தது. இதனை வகுத்தவர் தொடர்பு அமைச்சின் மேலதிகச் செயலாளராகப் பணியாற்றிய சிறீராம் பிக்காஜி வேலங்கர் ஆவார். அவர் வடமொழிப் புலவருமாவார். ஒரே பெயருடைய ஊர்கள் பல இருந்தமையும், ஓர் ஊரின் பெயரே மொழிதோறும் வேறுபட எழுதப்பட்டமையும் கடிதங்களைத் தரம்பிரிப்போருக்குப் பெருந்தொல்லை விளைத்தன. பின்னைய காரணம் கோவாவுக்குச் சாலப் பொருந்தும். 1510 முதல் 1961 வரை போர்த்துக்கேயர் ஆண்ட அந்நாட்டில் பணஜி பஞ்சிம் எனவும், மட்காவ் மார்காவோ எனவும், டிச்சோலி பிச்சோலிம் எனவும் வழங்கின. முகவரியில் எப்பெயர் எழுதப்படினும் 403001 என்னும் எண் தலைநகரையே குறிக்கும்.

கோவாவின் பரப்பு 3,702 சதுர கிலோமீற்றர் மட்டுமே. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இழிந்து அரபிக் கடலிற் கலக்கும் மாண்டவி, சுவாரி என்னும் ஆறுகள் அதனைக் கூறுபடுத்துகின்றன. எண்களும் அவ்வாறே அமைந்தன. மாண்டவிக்கு வடக்கேயுள்ள மாப்புசா 403507. ஆறுகளுக்கு இடைப்பட்ட போண்டா 403401. சுவாரிக்குத் தெற்கேயுள்ள மட்காவ் 403601. அதன் தென்கரை முனையிலுள்ள வாஸ்கோட காமா நகரம் 403802.

ஆயின் வரலாற்று மாணவனின் கருத்தை ஈர்ப்பது முதல் மூன்று இலக்கங்களே. 1972 இல் கோவா, டாமன், டையு ஆகிய மூன்றும் ஒரே மத்திய ஆட்சிப் பிரதேசமாயிருந்தன. அவற்றை இணைத்தது நிலமன்று, போர்த்துக்கேய ஆட்சியே. மும்பைக்கு வடக்கே குஜராத் கரையில் டாமனும், சௌராட்டிரத்தின் தென்முனையில் டையுத் தீவும் கிடந்தன. தபாற் பகுதியினர் இப்பழைய உறவைப் பொருட்படுத்தவில்லை. டாமனுக்கு 396, டையுவுக்கு 362 என அயலிலுள்ள குஜராத் மாவட்டங்களின் எண்களையே வழங்கினர். கோவாவின் 403 மகாராட்டிரத் தொகுதியுள் அடங்கியது.

இவ்விறுதிச் செய்தியே சிந்தனைக்குரியது. 1967 சனவரி 16 இல் நடைபெற்ற கருத்தறி வாக்கெடுப்பில், மகாராட்டிரத்துடன் இணைவதைக் கோவா மக்கள் 34,021 வாக்கு வேறுபாட்டால் நிராகரித்திருந்தனர். கொங்கணி மொழியின் தனித்தன்மை பற்றிய கேள்வியும் அவ்வாக்கெடுப்பிற் கலந்திருந்தது. ஐந்தாண்டு கழித்துப் பிறந்த குறியீட்டெண் அத்தீர்ப்பை அறியாதது போலவே அமைந்தது. எனினும் இதனை அரசியற் சூழ்ச்சி எனக் கொள்ளுதல் பொருந்தாது. தனித் தபால் வட்டம் அமைத்தற்குக் கோவா மிகச் சிறிது. நிருவாக வசதியே இங்கு மேலோங்கியது எனலாம். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற பகுதிகளுக்கும் இதுவே நேர்ந்தது: புதுச்சேரிக்கு 605, காரைக்காலுக்கு 609, மாகேக்குக் கேரளத்தின் 673, ஏனாமுக்கு ஆந்திரத்தின் 533.

குறியீட்டெண் பிரித்தவற்றை அரசியல் பின்னர் பிரித்ததுண்டு. 1987 மே 30 இல் கோவா தனி மாநிலமாயிற்று. டாமனும் டையுவும் வேறு பிரதேசமாயின. குறியீட்டெண் சேர்த்தவற்றையோ அரசியல் சேர்க்கவில்லை. கோவா மகாராட்டிரத்தின் பகுதியாகவேயில்லை. 2020 சனவரி 26 இல் டாமனும் டையுவும் தாத்ரா நகர் அவேலியுடன் ஒன்றாக்கப்பட்டன. டாமனும் அவேலியின் சில்வாசாவும் முன்னரே 396 இற் பங்கு கொண்டவை. டையு மட்டும் 362 உடன் யூனாகட் பக்கமே நிற்கின்றது.