பொட்டல உறையும் அடுப்படியும்: பாரிட் புந்தார் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழர் உணவு வரலாற்றை எழுதப் புகுவோர் இலக்கியச் சான்றுகளையும் கல்வெட்டுகளையும் சமையல் நூல்களையும் ஆதாரமாகக் கொள்வர். டின், பொட்டலம், அட்டைப்பெட்டி ஆகியவற்றின்மீது அச்சிடப்படும் சமையல் குறிப்பு இவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. பொருள் தீர்ந்ததும் உறை குப்பைக்குச் செல்கிறது. குறிப்பும் அதனோடு மறைகிறது. எனினும், சமையல் நூல் ஒன்றேனும் இல்லாத வீட்டிலும் இவ்வெழுத்து இருந்தது. அதைச் செய்து பார்த்து, குறை கண்டு, திருத்திக்கொண்ட இல்லத்தரசி ஒரு வகையில் பதிப்பாசிரியரின் பணியையே செய்தார் என்பது இக்கட்டுரையின் கருத்து. பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள பாரிட் புந்தார் வட்டாரத்தை முன்வைத்து இதனை விளக்க முற்படுகிறோம்.

வட்டாரப் பின்னணி

பாரிட் புந்தார், கிரியான் மாவட்டத்தின் தலைமையிடம். பேராக், பினாங்கு, கெடா ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் இதனருகே சந்திக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் கிரியான் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றிருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர் அங்கு உழைத்தனர். 1906இல் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் இப்பகுதியை நெல் விளையும் நிலமாக்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் கரும்பு மறைந்து ரப்பர் பரவியது. இந்தியர்க்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. பின்னர் ரப்பர் நிலங்களில் ஒரு பகுதி செம்பனைக்கு மாறியது. தோட்ட லயங்களில் அன்றாடம் அம்மியில் மசாலை அரைத்த குடும்பங்கள் பட்டணத்துக்கும் தொழிற்சாலை வேலைக்கும் பெயர்ந்தபோது, அரைப்பதற்கான பொழுது குறைந்தது. பொட்டலத் தூள் அந்த இடத்தை நிரப்பியது.

டின்னும் அளவும்

உறையின் வரலாறு எழுத்தில் தொடங்கவில்லை; படத்தில் தொடங்கியது. ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனம் 1866இல் சுவிட்சர்லாந்தில் தோன்றியது. 1905இல் நெஸ்லேயுடன் இணைந்தது. 1912இல் பினாங்கில் கிளை கண்டது. பாரிட் புந்தாருக்கு அண்மையிலுள்ள பெரும் துறைமுகம் பினாங்கே. எழுத்தறியாதாரும் பொருளை அடையாளம் காணப் படமே உதவிற்று. மில்க்மெய்ட் டின்னிலிருந்த, தலையில் பாத்திரம் சுமக்கும் பெண்ணைக் கொண்டு மலாய் மக்கள் அதனை ‘சாப் ஜுஞ்ஜோங்’ என்றனர். 1892இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் சார்டின் டின்னில் சேவல் இருந்தமையால் அதற்கு ‘ஆயாம்’ என்ற பெயரே நிலைத்தது.

பால் தீர்ந்த டின் வீணாகவில்லை. கழுவி உலர்த்தப்பட்டு அரிசி அளக்கும் கருவியாயிற்று. காந்தாங், சுப்பாக், காட்டி, தஹில் என்னும் உள்நாட்டு அளவைகளோடும், படி, உழக்கு, ஆழாக்கு என்னும் தாயக அளவைகளோடும் ‘ஒரு டின்’ என்பதும் சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்திலும் பால்பேணி இவ்வாறே அளவையானது கருதத்தக்கது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழிவகுத்தது. உறைகளில் கிராமும் மில்லிலிட்டரும் வந்தன. அடுப்படியில் டின் நிலைத்தது. ஆகவே, அச்சிட்ட குறிப்பைச் செய்து பார்த்தவர் முதலில் ஆற்றிய பணி அளவை மாற்றமே ஆகும்.

அச்சின் அதிகாரம்

உறையில் அச்சாகிய சொல்லை அப்படியே நம்புவது எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு 1939ஆம் ஆண்டு சான்றாகும். சர்க்கரை சேர்த்த கெட்டிப்பால் அக்காலத்தில் குழந்தை உணவாகவும் விளம்பரப்படுத்தப்பட்டது. தாய்ப்பாலுக்கு மாற்றாக அதனைப் பெற்ற குழந்தைகள் ஊட்டமின்றி நலிந்து இறந்தன. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அவ்வாண்டு ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரையில் இதனைக் கொலைக்கு ஒப்பிட்டார். உலக சுகாதார மன்றம் தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கான பன்னாட்டு நெறியை ஏற்க 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1939இல் அமெரிக்காவில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு நிகழ்வு நடந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்டின் சாக்லேட் பிஸ்கட் குறிப்பை நெஸ்லே தன் உறையில் அச்சிடும் உரிமையைப் பெற்றது. இங்கே அடுப்படியிலிருந்து உறைக்கு அறிவு சென்றது. இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து நோக்கும்போது ஒன்று தெளிவாகும். உறையிலுள்ள குறிப்பு விற்பனைக்காக எழுதப்படுவது. எனினும் அதன் உண்மையை உறுதிசெய்வது, செய்து பார்க்கும் கையே.

உறையின் மொழி

1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்கீழ் அமைந்த 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள், உள்நாட்டில் தயாரிக்கப்படும் உணவின் விவரச்சீட்டு மலாய் மொழியில் இருத்தல் வேண்டும் என்கின்றன. பிற மொழிகளைச் சேர்ப்பதற்கு இடமுண்டு, ஆனால் கட்டாயமில்லை. எனவே உறையில் தமிழ் இடம்பெறுவது விற்பவரின் விருப்பத்தைச் சார்ந்ததாகிறது. தமிழ் மட்டும் படித்த தாய்க்கு மலாய்க் குறிப்பைப் பள்ளி செல்லும் மகளோ மகனோ படித்துச் சொல்லும் வழக்கம் இச்சூழலில் உருவானது. அடுப்படி மொழிபெயர்ப்புக் கூடமாயிற்று.

இம்மொழிபெயர்ப்பு எளிதன்று. மலாயில் ‘ஜிந்தான் பூத்தே’ சீரகம். ‘ஜிந்தான் மானிஸ்’ சோம்பு. ‘ஜிந்தான் ஹீத்தாம்’ கருஞ்சீரகம். சோம்பைப் பெருஞ்சீரகம் என்று வழங்கும் தமிழரும் ஒரு சொல்லடியில் அடைமொழி மாற்றியே இவற்றைப் பிரிக்கின்றனர் என்பதால் இதனை விரைவில் உணர்ந்துகொள்ள முடிந்தது. ‘அசாம்’ என்பது வேறு. ‘அசாம் ஜாவா’ நம் புளி. ‘அசாம் கெப்பிங்’ உலர்த்திய துண்டுகளாக வரும் வேறொரு காய். பின்னதைக் கரைத்து வடிக்க இயலாது; குழம்பில் இட்டுக் கொதிக்க விடவேண்டும். ‘கறி’ என்னும் தமிழ்ச்சொல் ‘காரி’ என மலாயில் புகுந்து, பொட்டலத்தின் வழி மீண்டும் தமிழ் வீட்டிற்குள் வந்ததும் இவ்வரலாற்றின் ஒரு கூறே.

பாடமும் பாடபேதமும்

பாபாஸ், அடாபி போன்ற நிறுவனங்களின் மசாலைத்தூள் உறைகளில் செய்முறை சில வரிகளில் அடங்கிவிடும். தூளை நீரில் குழைத்துத் தாளிதத்தில் ‘மணம் வரும் வரை’ வதக்குக என்பது போன்ற தொடர்கள் அவற்றில் வழக்கம். பழகிய கை மணத்தோடு நிற்பதில்லை. எண்ணெய் பிரியும் வரை வதக்குகிறது. மலாய்ச் சமையலிலும் ‘பெச்சா மின்யாக்’ என இதே அடையாளம் உண்டு. உறை சொல்லாத இவ்வறிவே குழம்பில் பச்சை வாடை தங்காமல் காக்கிறது. ஒரு தேங்காயின் பால் என்று குறிப்பு கூறினால், காயின் முற்றலுக்கேற்ப நீரின் அளவை மாற்றுவதும் அவ்வாறே. இறைச்சித் தூளுக்கும் மீன் தூளுக்கும் சேர்மானம் வேறு என்பதை உணர்ந்து, மீன் குழம்பிற்கு வெந்தயத்தைத் தனியே தாளிப்பாரும் உளர்.

இனிப்பு வகைகளில் சிக்கல் மிகும். ‘கெட்டிப்பால் ஒரு டின்’ என்னும் பழைய குறிப்பு பெரும்பாலும் 14 அவுன்சு, அதாவது 397 கிராம் டின்னைக் கருதியது. மலேசியச் சந்தையில் இன்று ஏறத்தாழ 500 கிராம் டின்கள் வழக்கில் உள்ளன. அவற்றுள் பல ‘இனிப்புக் கிரீமர்’ என்ற பெயரில் பால்கொழுப்புக்கு மாற்றாகச் செம்பனை எண்ணெய்யைக் கொண்டவை. அதே ‘ஒரு டின்’ இன்று கூடுதல் இனிப்பையும் வேறு பதத்தையும் தருகிறது. குறிப்பேட்டின் ஓரத்தில் ‘முக்கால் டின் போதும்’ என்று எழுதுபவர், தாம் அறியாமலே ஒரு தொழில் மாற்றத்தைப் பதிவு செய்கிறார். ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறிய நிலத்தின் கதை அவருடைய பால்டின்னுக்குள்ளும் வந்துவிட்டது.

சுவடிப் பதிப்பில் நாம் மூலபாடம், பாடபேதம் என்கிறோம். ஏடெழுதியவர் செய்த மாற்றம் பிழையா, திருத்தமா என ஆராய்கிறோம். உறையை மூலபாடமாகவும் ஓரக்குறிப்பைப் பாடபேதமாகவும் கொண்டால், சமையல் குறிப்பேடும் அதே நெறியில் ஆராயத்தக்கதாகும். ஒரு வேறுபாடு உண்டு. இங்கே எது நல்ல பாடம் என்பதை உண்பவர் நாவே தீர்மானிக்கிறது.

முடிவுரை

தோட்ட வாழ்வை அறிந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்தம் குறிப்பேடுகள், ஒட்டிவைத்த உறைத்துண்டுகள், மனத்திலுள்ள அளவைகள் ஆகியவை எந்த நூலகத்தின் பட்டியலிலும் இடம்பெறாமலே அழியும் நிலையில் உள்ளன. தமிழாசிரியர் தம் மாணவரைக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பையேனும் உறையுடனும் திருத்தத்துடனும் எழுதி வாங்கலாம். எந்தப் பொருள், எந்த ஆண்டு, எந்த அளவு டின், யார் படித்துச் சொன்னார், எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்னும் ஆறு வினாக்கள் போதும். மாணவர்க்கு அது மொழிப்பயிற்சியாகவும், அச்சிட்ட எதனையும் சோதித்து ஏற்கும் பயிற்சியாகவும் அமையும். ஆய்வாளர்க்கோ, வேறெங்கும் எழுதப்படாத பெண்டிர் அறிவின் ஆவணமாக அமையும். இப்பணி பாரிட் புந்தாரில் தொடங்கலாம், காலம் தாழ்த்தலாகாது.