மீட்ட விலங்கின் மருந்துக் கணக்கு

1998-ஆம் ஆண்டு கூடலூர்ப் பக்கத்தில் ஓர் ஆண் யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். கேரளத்திலும் நீலகிரியிலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற யானை அது. கேரளத்தில் அதைச் சுட்டுக் கொல்ல உத்தரவு பிறந்திருந்தது. எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்ததால் உயிர் தப்பியது. பிடிபட்டபோது அதன் உடம்பில் குண்டுக் காயங்கள் இருந்தன. யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி முன்னின்று தெப்பக்காடு முகாமில் அதற்கு வைத்தியம் பார்த்தார். யானைக்கு அவர் பெயரையே சுருக்கி மூர்த்தி என்று வைத்தார்கள். ஆட்கொல்லி என்று பெயரெடுத்த அந்த விலங்கு சாதுவான முகாம் யானையாக மாறி, வயதாகி ஓய்வு பெற்று, 2024 அக்டோபரில் இறந்தது. பிடித்த வேலை சில நாளில் முடிந்தது. பிடித்ததனால் வந்த செலவு 26 ஆண்டுகள் ஓடியது. தீனி, பாகன் சம்பளம், புண்ணுக்குக் கட்டு, குடற்புழு மருந்து, மதக்காலக் கவனிப்பு, முதுமைக்கான தனி உணவு என்று எல்லாம் அதில் அடக்கம். பத்திரிகைகளில் நிறைய எழுதப்பட்டது அந்தச் சில நாட்களைப் பற்றித்தான். காட்டு விலங்கைக் கைக்கொண்டவர்கள் அதன் மருத்துவத்துக்கு எப்படிப் பணம் தேடினார்கள் என்ற வரலாறு மற்ற 26 ஆண்டுகளில் இருக்கிறது. அந்த வரலாற்றைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. யாரோ ஒருவர் தன் கணக்கில் தீர்க்க வேண்டிய கடனாக எழுதிவைத்த இடத்தில்தான் சிகிச்சை இடைவிடாமல் நடந்திருக்கிறது. இரக்கம் விலங்கைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறதே தவிர, அதை மட்டும் நம்பிய இடங்களில் கடைசிவரை கவனிப்பு உறுதியாக இருந்ததில்லை.

இந்தக் கடனை எழுதிவைக்கும் பழக்கம் மிகப் பழையது. அர்த்தசாஸ்திரம் யானைப் பண்ணைக்கென்று ஓர் அதிகாரியை வைத்து, அவருக்குக் கீழே வேலை செய்வோர் பட்டியலில் மருத்துவரையும் சேர்க்கிறது. வழிநடையில் நோய், அலுப்பு, மதம், முதுமை ஆகியவற்றால் வாடும் யானைகளுக்கு மருத்துவர் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறது. கொட்டிலைச் சுத்தமாக வைக்காத, தீனி போடாத, யானையைக் கட்டாந்தரையில் படுக்கவிட்ட பணியாளர்களுக்கு அபராதமும் விதிக்கிறது. முதுமையை நோயோடு சேர்த்துச் சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். வயதான யானைக்குச் செலவு உண்டு என்று அந்த நூலை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் கமிசரியட் என்ற வழங்கல் துறை பீரங்கி இழுக்கவும் சுமை தூக்கவும் யானைகளை வைத்திருந்தது. இந்தத் தேவையிலிருந்து ஆங்கிலத்தில் யானை மருத்துவ நூல்கள் பிறந்தன. படைக் கால்நடை மருத்துவரான ஜான் ஹென்றி ஸ்டீல் எழுதிய யானை நோய்க் கையேடு 1885-இல் சென்னையில்தான் அச்சானது. பர்மாவில் கால்நடைத் துறைக் கண்காணிப்பாளராக இருந்த ஜி. எச். இவான்ஸின் நூல் 1901-இல் ரங்கூனில் வந்தது. இவர்கள் யாரும் கருணைக்காக யானைக்கு மருந்து தேடவில்லை. யானை விலை உயர்ந்தது, செத்தால் நட்டம், அதனால் தேடினார்கள்.

நம் காடுகளில் இதே கணக்கு மரத்தை வைத்து நடந்தது. ஆனைமலைத் தேக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பம்பாய்க் கப்பல் துறைக்குப் போய்க்கொண்டிருந்தது. டாப்ஸ்லிப்பிலும் முதுமலையிலும் தடி இழுக்க வனத்துறை யானை முகாம்களை நடத்தியது. ஒவ்வொரு யானைக்கும் தனிப் பதிவேடு உண்டு. எப்போது பிடிபட்டது, என்ன உயரம், என்ன எடை, எப்போது ஈன்றது, என்ன நோய், என்ன மருந்து என்று எல்லாம் அதில் ஏறும். ஓய்வு வயது 58 என்று அரசு ஊழியருக்கு இருந்ததுபோல யானைக்கும் வைத்தார்கள். ஓய்வு பெற்ற யானைக்கு வேலை கிடையாது. தீனியும் வைத்தியமும் நிற்காது. இந்தப் பதிவேடுகள் எவ்வளவு ஒழுங்காக இருந்தன என்பதற்குச் சான்று, பல தலைமுறைப் பிறப்பு இறப்புக் குறிப்புகளைத் தொகுத்து ராமன் சுகுமாரும் கிருஷ்ணமூர்த்தியும் வேறு இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. தென்னிந்திய வளர்ப்பு யானைகள் எத்தனை வயதில் ஈனுகின்றன, எந்த வயதில் அதிகம் சாகின்றன என்று அதில் கணக்கிட முடிந்தது. எழுத்தர்கள் சலிக்காமல் எழுதிவந்த பதிவுகள் அறிவியலுக்கு ஆதாரமாயின.

அந்தக் கணக்கில் என்ன செலவு அடங்குகிறது என்று முதுமலையின் தெப்பக்காடு முகாமில் பார்க்கலாம். மாயாற்றில் குளித்து வந்த யானைகள் சமையல்கூடத்தின் முன்னால் வரிசையாக நிற்கும். ராகிக் களி, வேகவைத்த கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு, தாது உப்பு என்று எந்த யானைக்கு எவ்வளவு என்பது பலகையில் எழுதியிருக்கும். உருண்டை பிடித்து யானையின் வாய்க்குள்ளேயே கொண்டுபோய் வைப்பார்கள். மாத்திரை தர வேண்டிய நாளில் அது உருண்டைக்குள் வெல்லத்தோடு போகும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. நான்கு டன் உடம்புக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதென்றால் எத்தனை குப்பி ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நகத்தோரம் சீழ் வைத்தால் தினமும் கழுவி, சுரண்டி, மருந்திட வேண்டும். ஆற மாதக்கணக்கில் ஆகும். யானைக்குக் கடைவாய்ப் பற்கள் ஆயுளில் ஆறு முறைதான் முளைக்கும். ஆறாவது வரிசையும் தேய்ந்துவிட்டால் தழையை மெல்ல முடியாது. காட்டில் அத்தோடு முடிவு. முகாமில் அதன் பிறகும் குழைய வேகவைத்த உணவால் உயிர் நீளும். ஆகவே செலவு வயதோடு குறைவதில்லை, கூடுகிறது. இளம் யானை காட்டில் மேய்ந்து பாதி வயிற்றைத் தானே நிரப்பிக்கொள்ளும். கிழட்டு யானைக்கு ஒவ்வொரு கவளமும் மருந்துதான்.

இதெல்லாம் அடிமைக்குக் கொடுத்த கூலி, இதைப் பராமரிப்புக்கு உதாரணம் காட்டலாமா என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. பிடிப்பதும் பழக்குவதும் கொடுமையாகவே நடந்தன. குழியில் விழுந்தும் கரால் என்ற மரக்கூண்டில் அடைபட்டும் செத்த யானைகள் ஏராளம். அதை மறைத்து முகாம்களைப் புகழ்வது தவறு. ஆனால் அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும். காடுகள் சரணாலயங்களாகி, மர வேலை படிப்படியாக நின்றது. யானை சம்பாதித்துக் கொடுத்த பணம் போய்விட்டது. வருமானத்துக்காக மட்டும் வைத்திருந்தால் முகாமை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, ஏனென்றால் பதிவேடும் மருத்துவர் பணியிடமும் தீனிக்கான ஒதுக்கீடும் அதற்குள் அரசின் வழக்கமான செலவாக ஊன்றிப்போயிருந்தன. அந்த ஏற்பாட்டின் மேல்தான் மூர்த்தி வந்து சேர்ந்தது. தாயை மின்சாரத்துக்குப் பறிகொடுத்த குட்டி ரகுவும் அதே ஏற்பாட்டுக்குள்தான் வந்தது. லாபத்துக்காகத் தொடங்கிய கணக்கு, லாபம் நின்ற பிறகும் விலங்குகளைக் காப்பாற்றியது. அந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு கொடுமையைக் கைவிடுவதுதான் நாம் செய்ய வேண்டியது.

மூர்த்தி பிடிபட்ட அதே 1998-இல், அக்டோபர் 14 அன்று, சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2000-இல் கேரள உயர் நீதிமன்றமும் 2001-இல் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதி செய்தன. தீர்ப்பு வந்ததும் கேள்வி நடைமுறைக்கு இறங்கியது: கூண்டு வண்டிகளில் இருக்கும் சிங்கங்களும் புலிகளும் இனி எங்கே போகும், யார் சோறு போடுவது? மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் பொறுப்பேற்று, வண்டலூர், பன்னர்கட்டா, திருப்பதி, விசாகப்பட்டினம், போபால், ஜெய்ப்பூர் முதலிய இடங்களில் மீட்பு மையங்கள் அமையப் பணம் கொடுத்தது. இந்தச் சிங்கங்களில் பல ஆசிய, ஆப்பிரிக்க இனக் கலப்பு. பாதுகாப்புக்கான இனப்பெருக்கத்துக்கு உதவாதவை. குட்டி போட விடக் கூடாது என்பது விதி. இருப்பவை ஆயுள் முடியும்வரை வாழட்டும், அத்தோடு முடியட்டும் என்பது ஏற்பாடு. சட்டமே எதிர்பார்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்ட மருத்துவச் செலவு இது. அந்த விலங்குகளால் வேலையும் இல்லை, வாரிசும் இல்லை, பார்வையாளரிடம் வசூலும் இல்லை. இந்திய நிர்வாகம் செய்த நல்ல காரியங்களில் இதைச் சேர்க்கலாம். அதற்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கவில்லை. மையங்கள் காலியாகக் காலியாக மொத்தச் செலவு இறங்கும். ஆனால் மிஞ்சியவை எல்லாம் கிழங்கள் என்பதால் தலைக்கு ஆகும் செலவு ஏறும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒதுக்கீட்டை வெட்டும் அதிகாரி இந்த இடத்தில்தான் தவறு செய்வார்.

அரசுதான் செய்ய வேண்டுமா, மக்கள் நன்கொடை போதாதா என்பது வலுவான மறுப்பு. நன்கொடையின் சாதனையைக் குறைத்துச் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லண்டன் விலங்குக் காட்சிசாலை தீனிச் செலவுக்காகத் தத்தெடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இன்று வண்டலூரும் மைசூரும் அதே வழியில் பணம் திரட்டுகின்றன. கென்யாவில் டாப்னி ஷெல்ட்ரிக் 1977-இல் தொடங்கிய அறக்கட்டளை அநாதை யானைக் குட்டிகளைப் பல பத்தாண்டுகளாக நன்கொடையால் வளர்த்துக் காட்டுக்கு அனுப்புகிறது. இங்கே கலந்தர் சமூகத்தாரிடமிருந்து வித்தைக் கரடிகளை மீட்டு, அவர்களுக்கு மாற்றுத் தொழிலும் ஏற்படுத்தியதில் தன்னார்வ அமைப்புகளின் பங்கு பெரிது. 2009 டிசம்பரில் கடைசி வித்தைக் கரடி பன்னர்கட்டா மையத்துக்கு வந்து சேர்ந்தது. மூக்கில் சூட்டுக்கோலால் துளைத்த ஓட்டை, உடைத்த பற்கள், காசநோய் என்று வந்த கரடிகள் அவை. கரடி கூண்டில் முப்பது ஆண்டுகள்கூட இருக்கும். 2009-இல் செய்தி முடிந்தது, சிகிச்சை முடியவில்லை. ஷெல்ட்ரிக் அறக்கட்டளை தாக்குப்பிடித்ததற்குக் காரணம், ஒருமுறை வரும் இரக்கத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பொறுப்பாக மாற்றியது. பராமரிப்பாளர்களின் நாட்குறிப்பு கொடுத்தவர் கைக்குப் போகிறது. அதாவது அங்கேயும் கணக்கேடுதான் வேலை செய்கிறது. இல்லாவிட்டால் பணம் பெயர் தெரிந்த முகத்தைத் தேடிப் போகும். ரகுவையும் பொம்மி என்ற இன்னொரு குட்டியையும் பற்றிய ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் வாங்கியதும் தமிழக அரசு முதுமலை, ஆனைமலை ஆகிய இரு முகாம்களின் 91 பணியாளர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது. நல்ல காரியம், காலம் தாழ்ந்தாவது வந்தது. படத்தில் வராத கிழட்டு யானையின் பாகனுக்கும் அந்தத் தொகை சேர்ந்ததற்குக் காரணம் பதிவேட்டில் அவர் பெயர் இருந்ததுதான். நுழைவுச்சீட்டு வருமானமும் இப்படித்தான் நிலையில்லாதது. 2021 ஜூனில் கொரோனா தொற்றி வண்டலூரில் இரண்டு சிங்கங்கள் இறந்தபோது பூங்கா மூடிக் கிடந்தது. மருத்துவச் செலவு உச்சத்தில் இருந்த நேரத்தில் வசூல் பெட்டி காலி.

ஒரு தனி விலங்குக்குச் செலவழிப்பதைவிடக் காட்டைக் காப்பாற்றலாமே என்பது கடைசி மறுப்பு. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் காட்டை நேசிப்பவர்கள். தேர்வு இரண்டில் ஒன்று என்றால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் நம் கைக்கு வந்த விலங்கு பெரும்பாலும் காடு துண்டானதன் விளைவு: வழித்தடத்தில் மின்வேலி, எஸ்டேட், ரயில் பாதை. தாயைக் கொன்ற மின்கம்பிக்குப் பொறுப்பு ஏற்காத சமூகம் குட்டியின் பால் செலவை மிச்சம் பிடிப்பதால் காடு வளர்ந்துவிடாது. மேலும் இந்தச் செலவு, காட்டைக் கெடுப்பதற்கு என்ன விலை என்று ரூபாயில் காட்டும் அபூர்வமான கணக்கு. அதை மறைத்தால் பிடிப்பது மலிவு என்ற எண்ணம் வரும். ஊருக்குள் வரும் ஒவ்வொரு யானையையும் பிடித்து அடைக்கச் சொல்வார்கள். ஆயுள் முழுவதற்குமான செலவு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் வழித்தடத்தை மீட்பதுதான் மலிவு என்று தெரியும். தீராத வேதனையில் கிடக்கும் விலங்கைக் கருணைக் கொலை செய்வது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. பணமில்லை என்பதற்காக அந்த முடிவு எடுக்கப்படக் கூடாது.

சட்டம் ஏற்கெனவே பாதி தூரம் வந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பிடிபட்ட காட்டு விலங்கை அரசின் சொத்து என்கிறது. 11-ஆம் பிரிவின்படி விலங்கைப் பிடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணம் காட்டி எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். பிடித்ததை அடைத்தே வைப்பதானால், காட்டில் விட முடியாது என்பதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். அந்த உத்தரவில் மூன்று வரிகள் கூடுதலாகச் சேர்ந்தால் போதும்: இந்த விலங்கு இன்னும் எத்தனை ஆண்டு வாழக்கூடும், மருத்துவத்துக்கும் தீனிக்கும் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், எந்தக் கணக்குத் தலைப்பில் அது வரும். மாநில அரசு இதை விதியாக்க வேண்டும். இனி ஒரு யானையைப் பிடித்த செய்தி வந்தால், வாசகர்களும் இந்த மூன்றையும் கேளுங்கள்.