நோயை மறவாத உடலும் நோயை மறந்துவிடும் சமூகமும்

முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடலோரமாக அமைந்துள்ள வற்றாப்பளை கண்ணகி அம்மன் ஆலயத்தின் வைகாசி விசாகப் பொங்கல், வன்னி மக்களின் வாழ்வோடு இரண்டறக் கலந்த பெருவிழாவாகும். சிலாவத்தைக் கடலிலே தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் ஆலயத்தில் அந்த உப்பு நீரைக் கொண்டு விளக்கேற்றி, பின்னர் வற்றாப்பளைக்கு மடைப்பண்டம் எடுத்துச் செல்லும் மரபு தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வருகின்றது. மதுரையை எரித்த சினத்துடன் ஈழம் வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடமே பத்தாம்பளை எனப்பட்டு, அதுவே வற்றாப்பளை என மருவிற்று என்பது ஐதீகம்.

கண்ணகி வழிபாட்டுக்கும் நோய்க்கும் இடையிலான தொடர்பு மிகப் பழைமையானது. வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் பரவிய அம்மை நோயை அம்மனின் வெப்பமாகக் கருதிய நமது முன்னோர், அதனைத் தணிக்கும்படி அவளையே வேண்டி நின்றனர். இன்றும் கொப்புளிப்பான் கண்ட வீட்டை "அம்மாள் வருத்தம் வந்த வீடு" என்றே கிராமங்களில் கூறுகின்றனர். வாசலில் வேப்பிலை செருகப்படுகின்றது. அயலவர் அவ்வீட்டுக்குச் செல்வதில்லை; அவ்வீட்டார் நன்மை தீமைகளில் கலந்துகொள்வதில்லை. நோயாளியைத் தனிமைப்படுத்தல் என்று இன்றைய மருத்துவம் கூறுவது இதனையே ஆகும். அத்துடன், ஒருமுறை அம்மை வந்து மாறியவருக்கு அது மறுமுறை வருவது அரிது என்பதையும் நமது மூத்தோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இந்த அவதானிப்பு நமக்கு மாத்திரம் உரியதன்று. கி.மு. 430 இல் ஏதென்சு நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, நோயிலிருந்து தப்பியவர்களே அச்சமின்றி ஏனைய நோயாளரைப் பராமரித்தனர் என வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவு செய்துள்ளார். பக்தாத் வைத்தியசாலைக்குத் தலைமை தாங்கியவரும் கி.பி. 925 அளவில் காலமானவருமான பாரசீக மருத்துவ மேதை அபூபக்கர் அல்-ராஸி, பெரியம்மையையும் சின்னமுத்துவையும் வேறுபடுத்தி நோக்கித் தனி நூலொன்றையே எழுதினார். பெரியம்மையின்போது இரத்தத்தில் நிகழும் மாற்றத்தைப் பழச்சாறு புளித்துத் தெளிவதுடன் ஒப்பிட்டு அவர் விளக்கினார். அவ்விளக்கம் பிற்காலத்தில் கைவிடப்பட்டபோதிலும், நோய்க்கும் உடலின் எதிர்வினைக்கும் காரணம் தேடிய அவரது அணுகுமுறை மருத்துவ வரலாற்றில் ஒரு மைல்கல்லாகும்.

ஒருமுறை வந்த நோய் மீண்டும் வராதிருப்பது ஏன்? நமது உடல் அதனை நினைவில் வைத்திருக்கின்றது என்பதே இக்கேள்விக்கு இன்றைய அறிவியல் தரும் விடையாகும். அந்த நினைவைப் பேணும் அமைப்பே நிர்ப்பீடனத் தொகுதி எனப்படும் நோய் எதிர்ப்புத் தொகுதியாகும்.

இத்தொகுதியின் முதலாவது அரண் தோலாகும். காயமற்ற தோலினூடாகப் பெரும்பாலான நுண்ணங்கிகள் உட்புக முடியாது. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் பக்ரீறியாக்களின் சுவரைச் சிதைக்கும் நொதியம் உண்டு. சுவாசக் குழாயின் சளி தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடிக்க, அங்குள்ள நுண்மயிர்கள் அவற்றை மேல்நோக்கித் தள்ளுகின்றன. இரைப்பையின் அமிலம் உணவோடு வரும் கிருமிகளில் பெரும் பங்கை அழித்துவிடுகின்றது.

வயலிலே முள் தைத்து இவ்வரண் உடையுமானால் இரண்டாவது படை களமிறங்குகின்றது. காயத்தைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் விரிவடைகின்றன. அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்குகின்றது. வெண்குருதிக் கலங்களுள் ஒரு வகையான தின்குழியங்கள் அங்கு விரைந்து கிருமிகளை விழுங்குகின்றன. நாம் அருவருக்கும் சீழ், அப்போரில் மடிந்த கலங்களின் தொகுப்பேயாகும். 1882 இல் இத்தாலியின் மெசினா நகரில் உருசிய விஞ்ஞானி மெச்னிக்கோவ், நட்சத்திர மீனின் குடம்பியில் ரோசா முள்ளைக் குத்தி, அதனைக் கலங்கள் சூழ்ந்துகொள்வதைக் கண்டே இச்செயற்பாட்டை விளங்கிக்கொண்டார். இதற்காக 1908 இல், போல் ஏர்லிக் என்பாருடன் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. காய்ச்சலும் இப்போரின் ஓர் அங்கமே. உடல் வெப்பம் உயரும்போது பல கிருமிகளின் பெருக்கம் தடைப்படுகின்றது.

இவ்விரண்டாவது படை வேகமானது. எனினும் அது பகைவனை இன்னாரென்று அடையாளம் காண்பதில்லை. அப்பணியைச் செய்வது நிணநீர்க்குழியங்களைக் கொண்ட மூன்றாவது படையாகும். கிருமியின் துணுக்குகளைச் சில கலங்கள் அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு செல்கின்றன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது இதனாலேயே. அங்கு காத்திருக்கும் கோடிக்கணக்கான நிணநீர்க்குழியங்களுள், குறித்த கிருமிக்குப் பொருந்துபவை மாத்திரம் தூண்டப்பட்டுப் பல்கிப் பெருகுகின்றன. என்பு மச்சையில் முதிரும் பி வகைக் கலங்கள், பிறபொருளெதிரிகள் எனும் புரதங்களைச் சுரக்கின்றன. கவட்டுத் தடி போன்ற வடிவுடைய இப்புரதங்கள் கிருமியைப் பற்றிச் செயலிழக்கச் செய்கின்றன. நெஞ்சறையிலுள்ள தைமசுச் சுரப்பியில் பயிற்சி பெறும் ரி வகைக் கலங்களுள் ஒரு சாரார் கிருமி புகுந்த கலங்களை அழிக்கின்றனர்; மற்றொரு சாரார் முழுப் படையையும் நெறிப்படுத்துகின்றனர். எச்.ஐ.வி. வைரசு தாக்குவது இந்த நெறிப்படுத்துவோரையே. எனவேதான் எயிட்ஸ் நோயாளி சாதாரண கிருமிகளுக்கும் இரையாக நேர்கின்றது.

புதிய கிருமியொன்றுக்கு எதிராக இம்மூன்றாவது படை முழு அளவில் ஆயத்தமாவதற்கு ஒரு வாரம் முதல் இரு வாரங்கள் வரை செல்லலாம். உயிராபத்து நேர்வது பெரும்பாலும் அந்த இடைவெளியிலேயாகும். நோய் நீங்கிய பின் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டாலும், நினைவுக் கலங்கள் என ஒரு சிறுபகுதி எஞ்சி நிற்கின்றது. அதே கிருமி மீண்டும் வரும்போது அவை சில நாட்களுக்குள்ளேயே செயற்படுகின்றன. 1846 இல் பரோ தீவுகளில் சின்னமுத்து பரவியபோது, 1781 இல் அந்நோய் கண்டிருந்த முதியோரை அது மீண்டும் தீண்டவில்லை என டென்மார்க் வைத்தியர் பீற்றர் பானும் பதிவு செய்தார். 65 ஆண்டுகள் கடந்தும் அவர்களின் உடல் மறந்திருக்கவில்லை.

இந்நினைவின் அருமையை உணர, அது இல்லாத நிலையையும் நோக்குதல் வேண்டும். வன்னியின் வயல்களில் கண்ணாடி விரியன் தீண்டிய விவசாயிக்கு வைத்தியசாலையில் ஏற்றப்படும் விசமுறிவு மருந்து, குதிரைகளின் உடலில் உருவான பிறபொருளெதிரிகளேயாகும். அவை உயிரைக் காக்கின்றன. ஆயினும் இரவல் படை என்பதால் விரைவில் அழிந்துவிடுகின்றன. கருவறையிலும் தாய்ப்பாலின் வழியாகவும் குழந்தை பெறும் பாதுகாப்பும் இத்தகைய இரவலே. குழந்தை தனக்கென ஒரு படையைத் திரட்டும் வரை அதனைக் காப்பது இதுவாகும். ஆறு மாதங்கள் வரை தாய்ப்பாலை மாத்திரம் ஊட்டுமாறு சுகாதாரத் துறையினர் வலியுறுத்துவதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

நோயின் துன்பமின்றி அதன் நினைவை மாத்திரம் உடலுக்கு ஊட்ட முடியுமா? 1796 மே 14 ஆம் திகதி ஆங்கிலேய வைத்தியர் எட்வேர்ட் ஜென்னர், பாற்காரப் பெண்ணொருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஏற்றி, அது முடியும் எனக் காட்டினார். 1802 இல் அம்மைப்பால் இலங்கைக்கும் வந்தடைந்தது. 1977 இல் சோமாலியாவில் கடைசியாக இயற்கையாய்த் தோன்றிய பெரியம்மை, 1980 மே மாதம் உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. முன்னோர் அஞ்சி நடுங்கிய அம்மை இன்று எந்த வீட்டு வாசலிலும் இல்லை.

இலங்கையில் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்பு நிகழ்ச்சித் திட்டம் 1978 இல் ஆரம்பிக்கப்பட்டது. போர்க்காலத்திலும் அது முற்றாகக் கைவிடப்படவில்லை என்பது நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய செய்தியாகும். 1995 ஆம் ஆண்டு தொடங்கி, போலியோ சொட்டு மருந்து வழங்கும் தினங்களில் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்க இரு தரப்பும் இணங்கின. ஏனைய எதிலும் உடன்படாதவர்கள் குழந்தைகளின் வாயில் விழும் இரு துளிகளில் உடன்பட்டனர். 1993 க்குப் பின்னர் இந்நாட்டில் போலியோவினால் எந்தக் குழந்தையின் காலும் சூம்பவில்லை. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்த பின்னரும் பெருந் தொற்றுநோய் எதுவும் மூளாதமைக்கு, துரிதமான சுகாதாரப் பணிகளுடன் முன்னரே வழங்கப்பட்டிருந்த தடுப்பூசிகளும் துணைநின்றன.

இதன் மறுபக்கத்தையும் வன்னி மக்கள் கண்டுள்ளனர். 2009 மே மாதத்தில் நந்திக்கடலையும் வட்டுவாகல் பாலத்தையும் கடந்து வந்தோர், செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் நெருக்கமாக அடைக்கப்பட்டபோது, கொப்புளிப்பானும் செங்கண்மாரியின் ஒரு வகையான ஹெப்பற்றைற்றிஸ் ஏ நோயும் அங்கு பரவின. அவ்விரு நோய்களுக்குமான தடுப்பூசிகள் அன்று தேசிய நிகழ்ச்சித் திட்டத்தில் இருக்கவில்லை. பசியும் நெரிசலும் அசுத்த நீரும் சேருமிடத்தில் உடலின் படை எவ்வளவு பலவீனமடையும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நினைவு எப்போதும் நன்மையே செய்யும் என்றும் கொள்வதற்கில்லை. டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிரான பிறபொருளெதிரிகள், பின்னர் வேறொரு வகை தொற்றும்போது அதனைத் தடுப்பதற்குப் பதிலாகக் கலங்களுக்குள் அது புக வழிசெய்யக்கூடும். ஒருமுறை டெங்கு கண்டவர் மறுமுறை அலட்சியமாக இருக்கலாகாது என்பது இதனாலேயே. 2017 இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இந்நோயினால் பாதிக்கப்பட்டனர். மூட்டுவாதத்தின் ஒரு வகையிலும் சிறுவர்க்கு வரும் நீரிழிவிலும் இப்படை சொந்த உடலையே தாக்குகின்றது. எனவே "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்ற விளம்பரத்துடன் விற்கப்படும் மாவையும் பாணியையும் நம்பிப் பணத்தை வீணாக்குதல் அறிவுடைமையாகாது. போதிய உணவு, உறக்கம், சுத்தமான நீர், உரிய காலத்தில் தடுப்பூசி ஆகியனவே உடல் வேண்டி நிற்பவை.

சின்னமுத்து இதனினும் விசித்திரமானது. அது ஏனைய நோய்களுக்கு எதிராக உடல் திரட்டி வைத்துள்ள நினைவையும் அழித்துவிடுகின்றது. தடுப்பூசி பெறாது சின்னமுத்துவுக்கு ஆளான சிறுவர்கள், தம்மிடமிருந்த பிறபொருளெதிரி வகைகளில் 11 முதல் 73 வீதம் வரை இழந்திருந்தமையை 2019 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அதே 2019 இல் இலங்கை சின்னமுத்துவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் 2023 இல் அந்நோய் மீண்டும் தலைகாட்டிற்று. நூற்றுக்கு 95 பேராவது பாதுகாப்புப் பெற்றிருந்தாலன்றி இந்நோயின் பரவலைத் தடுக்க இயலாது. ஊசி போட முடியாத பச்சிளங் குழந்தையைக் காப்பது அயலவரின் பிள்ளைகள் பெற்ற ஊசியேயாகும்.

இங்கேதான் நமது கவலை எழுகின்றது. உடல் நோயை மறப்பதில்லை. சமூகமோ விரைவில் மறந்துவிடுகின்றது. இளம்பிள்ளைவாதத்தால் முடங்கிய பிள்ளையைக் கண்டறியாத தலைமுறை, "இல்லாத நோய்க்கு ஊசி எதற்கு" என வினவத் தலைப்படுகின்றது. கைத்தொலைபேசியில் பரவும் வதந்திகள் அந்த ஐயத்துக்கு எண்ணெய் வார்க்கின்றன.

ஐயங் கொள்வோரை மாத்திரம் குறைகூறுதலும் நியாயமாகாது. கொவிட் காலத்தில், உலக சுகாதார நிறுவனம் உடல்களைப் புதைக்க இடமளித்திருந்தும், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களின் ஜனாசாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டன. அதற்கு விஞ்ஞானத்தின் பெயரே சூட்டப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்த போதிலும், அந்தக் காயம் எளிதில் ஆறுவதன்று. போரின் வடுக்களைச் சுமக்கும் தமிழ் மக்களிடையேயும் அரச அலுவலரைச் சந்தேகத்துடன் நோக்கும் மனநிலை உண்டு. சுகாதாரத் துறை மீதான நம்பிக்கையும் ஒரு வகை நிர்ப்பீடனமே. அதனைச் சிதைப்போர் நோய்க்கு வழிதிறந்து விடுகின்றனர் என்பதை ஆட்சியாளர் உணர்தல் வேண்டும்.

ஆனால் கிளினிக்கில் நமது பிள்ளைக்கு ஊசி போடும் குடும்பநல உத்தியோகத்தர் அந்தத் தவறுக்குப் பொறுப்பானவர் அல்லர். பிறந்தவுடன் பி.சி.ஜி., ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான ஊசி என ஒவ்வொன்றும் உரிய காலத்தில் கிடைத்துள்ளதா என்பதைப் பெற்றோர் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தல் வேண்டும். தவறியிருப்பின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை உடனடியாக நாடுதல் வேண்டும். ஆலய நிர்வாகத்தினரும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் தத்தமது மக்களிடம் இதனை எடுத்துரைத்தால் அது மிகுந்த பயனளிக்கும்.

வற்றாப்பளையில் பொங்கலிடும் தாய் தன் பிள்ளைக்கு நோய் வரலாகாது என்றே கைகூப்புகின்றாள். பள்ளிவாசலில் துஆக் கேட்கும் தந்தையின் வேண்டுதலும் அதுவே. அந்த வேண்டுதலுடன் உரிய நாளில் பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் கடமையும் சேர வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.