கீழ்ப்படியாமையும் சபையும்

கீழ்ப்படியாமை என்பது கடவுளின் கட்டளையை அறிந்தும் மீறுவதைக் குறிக்கும் கிறித்தவ இறையியல் கருத்து. மீறுபவர் ஒருவரே ஆயினும் விளைவு குடும்பத்தையும் சபையையும் சேரும் என்பது இக்கருத்தின் முக்கியக் கூறு. திருவண்ணாமலை வட்டாரத்தில் பரவியுள்ள ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தோற்றத்தில் கீழ்ப்படியாமை பற்றிய கேள்வி சாதியின் வடிவில் எழுந்தது.

விவிலிய அடிப்படை

யோசுவா நூலின் 7ஆம் அதிகாரத்தில், எரிகோவின் கொள்ளைப் பொருளில் விலக்கப்பட்டதை ஆகான் எடுத்துத் தன் கூடாரத்தில் புதைத்து வைக்கிறான். அதை அறியாத 36 பேர் ஆயி பட்டணத்துப் போரில் மடிகின்றனர். யோனா தன் பணியை விட்டு ஓடியபோது புயலில் சிக்கியவர்கள் அவனோடு பயணம் செய்த கப்பலாட்கள். தாவீது எடுத்த குடிக்கணக்கை அடுத்து வந்த கொள்ளைநோயில் 70,000 பேர் இறந்ததாக இரண்டாம் சாமுவேல் கூறுகிறது.

புதிய ஏற்பாட்டில் ஒருவரின் மீறல் பிறரையும் சேர்வது உணவுப் பந்தியில் வெளிப்படுகிறது. அந்தியோகியாவில் புறவினத்து விசுவாசிகளோடு உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். மற்ற யூதக் கிறித்தவர்களும் பர்னபாவும் அவரைப் பின்பற்றினர். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்ததைக் கலாத்தியர் 2ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது.

குற்றமும் விளைவும்

தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 கற்பிக்கிறது. பிறவியிலேயே பார்வையற்றவனின் நிலைக்கு அவனோ பெற்றோரோ செய்த பாவம் காரணமல்ல என்று யோவான் 9இல் இயேசு கூறுகிறார். ஆகவே குற்றப்பொறுப்பு செய்தவருடையது. இழப்பு மட்டுமே பிறரையும் சேர்கிறது. துன்பப்படும் ஒருவரைப் பார்த்து, வீட்டில் யாரோ செய்த பாவமே காரணம் என்று சொல்வதற்கு இந்த அதிகாரங்கள் இடம் தருவதில்லை.

தமிழகச் சபைகளில்

1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் பணியில் உருவான சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் நிலைத்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் எழுதிய சுற்றுமடலில் சபைக்குள் சாதியை உடனே கைவிடுமாறு ஆணையிட்டார். தஞ்சாவூரில் கிறித்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் உள்ளிட்டோர் அதை எதிர்த்தனர். சாதி உலகியல் வழக்கமே, விசுவாசத்தைத் தொடாதது என்பது அவர்கள் தரப்பு. ஜெர்மானிய லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுலும் ஏறத்தாழ அதே நிலையை எடுத்தார்.

அந்த மிஷனின் ஊழியர் கார்ல் ஓக்ஸ் இதை ஏற்கவில்லை. திருவிருந்தில் உடன்விசுவாசியோடு அமர மறுப்பது வழக்கமல்ல, கட்டளை மீறல் என்ற நிலையில் அவர் மிஷனிலிருந்து பிரிந்தார். 1861இல் பண்ருட்டிக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற நிலையத்தை நிறுவினார். 1821இல் உருவான டேனிஷ் மிஷனரி சங்கம் 1860களில் அவரோடு இணைந்தது. பணி பின்னர் திருக்கோவிலூர், திருவண்ணாமலை எனப் பரவியது. அருணாசலேசுவரர் கோயிலால் அறியப்பட்ட திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளி அதன் அடையாளமாக நிற்கிறது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை இப்பணியின் வழிவந்தது. அதன் உறுப்பினரில் பெரும்பாலோர் தலித் மக்கள்.

சாதியை அனுமதித்தவர்கள் அதை மனச்சான்று சார்ந்த தனிவிஷயமாகக் கருதினர். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் அதில் பங்கில்லாத உடன்விசுவாசி. ஒருவர் விலகி அமர்ந்தால் இடமிழப்பவர் மற்றவர். ஓக்ஸின் நிலைப்பாட்டுக்கு வலுச் சேர்ப்பது இந்த உண்மையே.

கத்தோலிக்கரிடமும் இதே சிக்கல் இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் நீதிமன்றம் சென்றனர்.

சபை ஒழுங்கு

மத்தேயு 18 கூறும் முறைப்படி முதலில் தனியாகவும், பின்னர் ஓரிரு சாட்சிகளோடும், இறுதியில் சபையிலும் குறை எடுத்துரைக்கப்படுகிறது. தவறியவரை மீட்பதும் பாதிக்கப்பட்டவரைக் காப்பதும் இதன் நோக்கம். மன்னிப்புக் கேட்டபின் இழப்பைச் சரிசெய்வதும் மனந்திரும்புதலின் பகுதி. அநியாயமாகப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன சகேயு இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு.